ஐந்து மணிக்குக் கதிர் பேசுவான்

சான் ரமோன்
மே 4, 2025

அன்புள்ள தம்பி சேனாபதிக்கு,

அக்கா கலாவதி எழுதுவது. நானும் மாமாவும் ஓவியாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அண்ணன் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் தகனம் முடிந்ததும் நீ ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டாய் என்று மாமா சொன்னார். வயிற்றைக் காயப்போடாதே. நியூ ஜெர்சியில் குளிர் விட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பதினாலு வருஷமாக உன் போனை நான் எடுப்பதில்லை. உன் தொண்டையிலிருந்து வருவதில் எது நீ, எது ஊரான் என்று என்னால் பிரிக்க முடியாது. காகிதத்தில் எழுதினால் அது நீயாகத்தான் இருக்கும். நீயும் அப்படியே எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் கார் டோல்வேயில் அடிபட்ட அன்று அம்மா இங்கே ஐ.சி.யு.வில் கிடந்தார்கள். இப்போது வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறதாம், அதிர்ச்சியான சேதி எதுவும் காதுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண்ணும் மங்கிவிட்டது, எதிரில் நிற்பவர் நிழலாகத்தான் தெரிகிறார். காது மட்டும் பாம்புக் காது.

அண்ணன் தினமும் ஆபீஸ் விட்டு வண்டி ஓட்டிக்கொண்டே அம்மாவிடம் பத்து நிமிஷம் பேசுவான். அங்கே ஏழு, இங்கே ஐந்து. இப்போது ஐந்து மணி ஆனால் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மீட்டிங், சிக்னல் இல்லை, போன் ரிப்பேர் என்று நானும் சொல்லாத பொய் இல்லை. நேற்று, "கலா, எம் பையனுக்கு ஏதோ ஆயிருச்சு, நீ மறைக்கற" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீ அண்ணனாகப் பேச வேண்டும். உன்னால் முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் வித்தையால் அம்மாவை ஒருமுறை பாதி சாகடித்தாய். அதே வித்தையால் இப்போது உயிரோடு வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
கலாவதி


ஜெர்சி சிட்டி
மே 11, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகும் நலமாக இருக்கிறேனே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மாமாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? ஓவியா காலேஜுக்கு அப்ளை பண்ண ஆரம்பித்துவிட்டாளா?

பாதி சாகடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ அன்று அடுக்களையில் இருந்தாய், முழுக்கப் பார்க்கவில்லை. அப்பா இறந்த ஒன்பதாம் நாள். அம்மா தண்ணீரைத் தவிர எதையும் இறக்கவில்லை. நான் மாடியிலிருந்து வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டு, அப்பா குரலில், "பவளம், மோட்டார நிறுத்துனியா? சாப்பிட்டியா?" என்றேன். அம்மா திடுக்கிடுவார்கள், அழுவார்கள், அப்புறம் இந்தப் பயலின் சேட்டை என்று சிரித்துவிட்டுச் சாப்பிடுவார்கள் என்று நினைத்த மடையன் நான். அம்மா ரிசீவரைப் போட்டுவிட்டுத் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு ஓடினார்கள். அப்பா அங்கே நிற்கிறாரா என்று பார்க்க. திரும்பி வந்து என் முகத்தில் துப்பினார்கள். "இனி உஞ் சத்தமே எங் காதுல உளுகக்கூடாது." அன்றிலிருந்து விழவில்லை. எதற்காக என்னைத் துரத்தினார்களோ அதையே செய்யச் சொல்லி நீ தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

இங்கே ஒரு சின்ன பிலிம் காப்பகத்தில் சனிக்கிழமை தோறும் சும்மா வேலை செய்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது, முப்பதில் எடுத்த குட்டிப் பேசும் படங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம்கூட இருக்காது, தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவார்களாம். கோட்டு போட்ட ஒருவன் திரைச்சீலை முன்னால் வந்து, "அடுத்து இன்னார்" என்பான். முதுகைக் காட்டுவான், தலைமுடியைக் கலைப்பான், திரும்பினால் வேறு ஆள். நடிகன், பாடகி, மேயர், குத்துச்சண்டைக்காரன். அவன் யாரையெல்லாம் நடிக்கிறான் என்று பட்டியல் எழுதுவது என் வேலை. சத்தம் தனியாக இசைத்தட்டில் இருக்கும், பாதித் தட்டு உடைந்துவிட்டது. பேர் சொல்வது கேட்காது. அன்றைக்கு ஊரே கைதட்டிய ஆளை இன்றைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. "யாரென்று தெரியாத பிரபலம்" என்று எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன்.

நம் வீட்டுப் பிரபலம் அண்ணன். வாஷிங் மெஷின் வாங்கினாலும் கதிரைக் கேட்டுத்தான், உன் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் கதிரைக் கேட்டுத்தான். அப்பா இருந்தபோதே அப்படி. அவனை நடிப்பது எனக்குச் சிரமம் இல்லை, ஏழு வயதிலிருந்து அவனைத்தான் ஒளிந்துநின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசுகிறேன். ஒரே நிபந்தனை. அம்மா கொஞ்சம் தேறியதும் நான் நானாக வந்து அவர்கள் முன்னால் உட்கார வேண்டும். பத்து நிமிஷம் போதும். திட்டினாலும் சரி, என் பேரைச் சொல்லித் திட்டட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி சேனாபதி


சான் ரமோன்
மே 18, 2025

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். மாமாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

உன் நிபந்தனையைப் பார்த்தேன். பார்க்கலாம்.

கயல் அண்ணியிடம் கேட்டுவிட்டேன். "உங்க இஷ்டம். எனக்கும் பசங்களுக்கும் அந்தக் குரல் கேக்காம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவளும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை, அந்தச் சண்டை இப்போது உதவுகிறது.

அம்மா போனில் உன் நம்பரைக் கதிர் என்று பதிந்துவிட்டேன். மணி அடிக்கும்போது போனே பேரைச் சொல்லும். அண்ணனுக்கு டாலஸ் ஆபீஸில் புது சிஸ்டத்தை ஓடவிடுகிற பெரிய கோ-லைவ், ஆறு மாதத்துக்கு லீவு கிடையாது, சனி ஞாயிறும் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோ-லைவ் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் அதற்கு மரியாதை உண்டு.

அண்ணன் "ஹலோ" சொல்லமாட்டான். "சொல்லுங்மா" என்றுதான் ஆரம்பிப்பான். வண்டிச் சத்தம் பின்னால் கேட்க வேண்டும். இதை நாளைக் காலையில் ஓவர்நைட் தபாலில் போடுகிறேன், நாளை மறுநாள் செவ்வாய் ஐந்து மணிக்கு ஆரம்பி.

கலாவதி


ஜெர்சி சிட்டி
ஜூன் 8, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் அங்கே நலமாக இருப்பீர்கள். அம்மா நலம் என்று எனக்கே தெரியும், தினமும் கேட்கிறேன். பதினாலு வருஷத்துக்குப் பிறகு இந்த வாக்கியத்தை எழுத முடிந்ததற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டுமா, உன்னைத் திட்ட வேண்டுமா என்று தெரியவில்லை.

எனக்குக் கார் கிடையாது, ஆபீசுக்கு ரயிலில்தான் போகிறேன். அதனால் எங்கள் பில்டிங் அடித்தளத்தில் துணி துவைக்கும் ரூமுக்குப் போய், மூன்று டிரையரை ஒன்றாகச் சுற்றவிட்டு நடுவில் நிற்கிறேன். கண்ணை மூடினால் சாட்சாத் டோல்வே. இண்டிகேட்டர் சத்தத்தை நாக்கில் தட்டிவிடுகிறேன். அந்தப் பழைய படங்களில் மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்திருப்பார்களாம், நடிக்கிறவன் சாடியை விட்டு ரெண்டடி நகர்ந்தால் சத்தம் செத்துவிடும். நானும் டிரையரை விட்டு நகர்வதில்லை.

முதல் நாள் மணி அடித்ததும் அம்மா, "வந்துட்டயா சாமி" என்றார்கள். எனக்கு உடனே அண்ணன் குரல் வரவில்லை. நல்லவேளை, அண்ணனும் பதில் சொல்லத் தாமதிக்கிறவன். "சொல்லுங்மா" என்றேன். அம்மா அழுதார்கள். அழுதுகொண்டே, "நீ செத்துட்டயோன்னு நெனச்சனடா" என்றார்கள். "சும்மா இருங்மா, டிராஃபிக்ல இருக்கறேன்" என்றேன்.

மூன்றாம் நாள் என் பேச்சு வந்தது. நான் எடுக்கவில்லை, அவர்களேதான் எடுத்தார்கள். "அந்தக் கொரங்கு என்ன பண்ணுதாமா? இன்னும் ஊராம் பேச்சையே பேசிட்டுத் திரியுதா?" "சாப்டீங்களாம்மா, மாத்திரை போட்டீங்களா, கால் வீக்கம் கொறஞ்சுதா" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

அம்மாவின் கால் வீக்கம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ எழுதியதே இல்லை. ராத்திரி தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்.

உன் தம்பி,
சேனாபதி


சான் ரமோன்
ஜூன் 22, 2025

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் அக்கறைக்கு நன்றி, தலையணை ஏற்கனவே உயர்த்தித்தான் வைத்திருக்கிறோம்.

நீ செய்வதில் தப்பு இருக்கிறது. நான் ஸ்பீக்கரில் தினமும் கேட்கிறேன். அண்ணன் என்றைக்குடா அம்மாவைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறான்? மாத்திரை பேர் அவனுக்குத் தெரியுமா? கால் வீங்கியதே அவனுக்குத் தெரியாது. பத்து நிமிஷமும் அவன் கதைதான் பேசுவான். மேனேஜர், வீட்டு லோன், காலனிச் சங்கத்து ஹெச்.ஓ.ஏ.காரன் புல் வெட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினது. நடுவில் அம்மா ஏதாவது சொன்னால், "எக்சிட் வருது, வைக்கறேன்" என்பான். நீ உருகி உருகிப் பேசுகிறாய். நேற்று அம்மா, "கதிருக்கு என்ன, இப்படி விசாரிக்கறான், ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று கேட்டார்கள். அன்பாகப் பேசினால் மாட்டிக்கொள்வாய்.

இன்னொன்று. உன் பேச்சு வந்தால் அண்ணன் மழுப்பமாட்டான். உன்னைப் பற்றி அவன் என்ன சொல்வான் என்று உனக்குத் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். "அவன் ஒரு கூத்தாடிங்மா, விடுங்க." வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அம்மா உன்னை நினைத்து எப்போதாவது இளகினாலும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுவார்கள். அதைச் சொல்லாத கதிர் கதிரே இல்லை. நீ நடிக்க வந்தவன், உனக்காக வாதாட வந்தவன் இல்லை.

கோபித்துக்கொள்ளாதே. வெயிலில் அலையாதே.

கலாவதி


ஜெர்சி சிட்டி
ஜூலை 27, 2025

அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று டிரையருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

உன் பாடம் நன்றாக வேலை செய்கிறது. இப்போது நான் அம்மாவை எதுவும் கேட்பதில்லை. புல் வெட்டுவதைப் பற்றி நாலு நாள் பேசினேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "எம் பையன் பழையபடி ஆயிட்டான்" என்று உன்னிடம் சொல்லியிருப்பார்களே? பாட்டுக்கு நடுவில் தாளம் தட்டுகிற மாதிரி, ரெண்டு நாளைக்கு ஒருமுறை என்னைத் திட்டுகிறோம். முதலில் வாய் வரவில்லை. இப்போது சரளமாக வருகிறது. போன வாரம் நானாகவே ஒன்று கட்டிச் சொன்னேன்: "கல்யாணம் பண்ணுனா பொண்டாட்டிகிட்ட யாரு கொரல்ல பேசுவானாம்?" அம்மா இருமுகிற அளவுக்குச் சிரித்தார்கள். அண்ணன்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கமாட்டான். அன்றைக்கு மேலே வந்து கண்ணாடியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

காப்பகத்தில் அந்தக் கோட்டுக்காரன்களை இருநூறு தடவை பார்த்துவிட்டேன். ஒரு பிரபலத்தின் நல்ல குணத்தை ஒருத்தனாலும் நடிக்க முடியவில்லை. கஞ்சத்தனம், மூக்கால் பேசுவது, கோணல் நடை, இதைத்தான் நடிக்கிறார்கள். ஜனங்களும் அதற்குத்தான் கைதட்டுகிறார்கள். அண்ணனிடமும் அப்படித்தான். அவன் எனக்குக் காலேஜ் பீஸ் கட்டினதை எந்தக் குரலில் நடிப்பது? அவன் அம்மா பேச்சைக் காதில் வாங்காததை மட்டும் நடிக்கிறேன், அவர்களும் இதோ என் மகன் என்று அணைத்துக்கொள்கிறார்கள்.

ரெண்டு மாதம் ஆயிற்று அக்கா. அம்மா இப்போது நடக்கிறார்கள், சிரிக்கிறார்கள். என் பத்து நிமிஷம் எப்போது? நான் காலில் விழுகிறேன் என்றுகூட வைத்துக்கொள். அம்மா என்னைப் பார்க்காமலே போய்விட்டால் எனக்கு ஆயுசுக்கும் அந்த மோட்டார் ரூம்தான்.

பதில் போடு.

சேனாபதி


சான் ரமோன்
செப்டம்பர் 7, 2025

தம்பிக்கு,

பதில் போட நேரமாகிவிட்டது. ஓவியாவுக்கு ஸ்கூல், மாமாவுக்கு ஆபீசில் ஆள்குறைப்புப் பயம், அம்மாவுக்கு மறுபடி மூச்சுத் திணறி ஆறு நாள் ஆஸ்பத்திரி. அந்த ஆறு நாளும் நீ பேசினாய், நர்ஸ்களிடம்கூட, "மை சன், டெக்சாஸ்" என்று பெருமை அடித்துக்கொண்டார்கள்.

நீ கேட்டதற்கு இப்போது நேரம் சரியில்லை. நான் வேண்டும் என்றே இழுக்கிறேன் என்று நினைக்காதே.

உடம்பு ஜாக்கிரதை.

கலாவதி


ஜெர்சி சிட்டி
அக்டோபர் 5, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே. நான் நலமாக இருக்கிறேன், கொஞ்சம் சளி. அதைக்கூட மறைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது, அண்ணனுக்குச் சளி பிடிப்பதே இல்லை என்பது அம்மாவின் பெருமைகளில் ஒன்று.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பத்தொன்பதாம் தேதி ஞாயிறு காலையில் ஓக்லேண்டில் இறங்குகிறேன். உன் வீட்டுக்கு வருவேன், செருப்பை வெளியில் கழற்றுவேன், அம்மா எதிரில் உட்கார்ந்து, "அம்மா, சேனாபதி வந்திருக்கறேன்" என்பேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். துரத்தினால் ஹோட்டலுக்குப் போகிறேன். ஐந்து மணிக்கு வெளியே போய் நின்று அண்ணனாகப் பேசிவிட்டுத் திரும்புகிறேன், அதற்கும் தயார்.

இவ்வளவு நாள் நீ சொன்னபடியெல்லாம் ஆடினேன். நூற்று நாற்பது நாள். கெஞ்சுகிறேன் அக்கா, வேண்டாம் என்று மட்டும் எழுதாதே.

உன் தம்பி,
சேனாபதி


சான் ரமோன்
அக்டோபர் 10, 2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வேண்டாம்.

நீ வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? பதினாலு வருஷமாகக் கேட்காத உன் குரல் ஒரு நாள் கேட்கும். சாயங்காலம் அண்ணன் குரல் கேட்கும். அம்மா காது என்னவென்று உனக்குத் தெரியும். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அண்ணன் எங்கே என்று கேட்பார்கள். நான் என்ன சொல்லட்டும்? உன் பத்து நிமிஷத்துக்காக அம்மாவுக்கு ரெண்டாவது கொள்ளி வைக்கச் சொல்கிறாயா?

அம்மாவுக்கு உன்னால் ஆகிற உபகாரம் ஒன்றுதான். ஐந்து மணிக்குக் கதிராக இருப்பது. சேனாபதியாக இருந்து நீ யாருக்கும் எதுவும் செய்ததில்லை.

எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதப்போவதில்லை. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடு. தீபாவளிக்கு முறுக்கு பார்சல் அனுப்புகிறேன்.

கலாவதி


சான் ரமோன்
நவம்பர் 23, 2025

அன்புள்ள தம்பி சேனாபதிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அம்மா போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. தகனத்துக்கு வந்து மகனாக எல்லாக் காரியமும் செய்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. ஓவியா, "மாமா ஹேட்ஸ் அஸ், ரைட்?" என்று கேட்டாள்.

நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆகஸ்டிலிருந்தே அம்மா உன்னைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "சேனாபதி எப்படி இருக்கறான்?" என்றார்கள். நான் அடக்கிவிட்டேன். நீ சேனாபதியாக உள்ளே வந்துவிட்டால் கதிராகப் பேசுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். உனக்குக் கொடுத்துவிட்டால் உன்னைக் கட்டிப்போட என்னிடம் வேறு எதுவும் இருக்காது. அவ்வளவுதான், வேறு நியாயம் ஒன்றும் இல்லை. அக்டோபரில் உனக்கு எழுதினதும் அந்தப் பயத்தில்தான்.

தீபாவளி முடிந்த வாரம் அம்மா விடவில்லை. "அவனக் கூப்பிடு கலா, நான் போறதுக்குள்ள பாக்கோணும்" என்றார்கள். எனக்கு மனசு உடைந்துவிட்டது. நீ கெஞ்சிய கடிதம் என் அலமாரியில் இருந்தது. ஆனால் உன்னை வராதே என்று அப்படி எழுதிவிட்டு, வா என்று மறுபடி எழுத எனக்கு வெட்கம். அதனால் ஒரு வழி செய்தேன். "எனக்குத் தெரியாதும்மா, அண்ணன்கிட்டக் கேளுங்க, அவன் சரின்னா வரச் சொல்லலாம்" என்றேன். நம் வீட்டில் எதுவும் அப்படித்தானே. அம்மா உடனே சரி என்றார்கள். உன் கேள்வியை உன் கையிலேயே கொடுக்கிறேன், நீயே உனக்குச் சரி சொல்லிக்கொள்வாய், மறுநாளே வந்து நிற்பாய் என்று நினைத்தேன். அக்டோபர் இருபத்தேழு. நீங்கள் ரெண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று நான் ஐந்து மணிக்கு ஓவியாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

கீழ் ரூமில் உனக்காகப் பெட்ஷீட் மாற்றி வைத்தேன். ஒவ்வொரு நாளும் வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்தேன். நீ வரவில்லை. அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை போல என்று நானும் கேட்காமல் இருந்தேன். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று ஆம்புலன்சில், "சேனாபதி வந்துட்டு இருக்கறாம்மா" என்று சொன்னேன். அம்மா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "இல்ல கண்ணு, கதிரு வேண்டான்னுட்டான்" என்றார்கள்.

ஏண்டா? என்னடா சொன்னாய்?

அக்கா,
கலாவதி


ஜெர்சி சிட்டி
டிசம்பர் 2, 2025

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். மாமாவையும் ஓவியாவையும் கேட்டதாகச் சொல். ஓவியாவை நான் வெறுக்கவில்லை என்றும் சொல்.

கேட்டாய், எழுதுகிறேன். அக்டோபர் இருபத்தேழு, உன் ஊருக்கு ஐந்து மணி, இங்கே எட்டு. மூன்று டிரையரும் ஓடிக்கொண்டிருந்தன. உன் பத்தாம் தேதிக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. சேனாபதியாக இருந்து யாருக்கும் எதுவும் செய்ததில்லை என்ற வரியை அதற்குள் நூறு தடவை படித்திருந்தேன்.

புல், மேனேஜர் எல்லாம் பேசி முடித்தேன். அம்மா, "கண்ணு, ஒன்னு கேக்கோணும்" என்றார்கள்.

"சீக்கரம் சொல்லுங்மா, எக்சிட் வருது."

"சேனாபதிய ஒருக்கா வரச் சொல்லட்டுமா? பாக்கோணும்போல இருக்குது. கலா உன்னக் கேக்கச் சொல்லுச்சு."

நீ கேட்கச் சொன்னாயாம். ரெண்டு வாரத்துக்கு முன்னால் வேண்டாம் என்று எனக்கு எழுதின நீ. நான் வேறு எப்படி அக்கா எடுத்துக்கொள்வேன்? அம்மா உன்னிடம் கேட்டிருக்கிறார்கள், உன் வாயால் மறுக்கச் சங்கடப்பட்டு, மறுக்கிற வேலையையும் என்னிடமே அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். கதிர் சொல்லவேண்டியதை நீ ஏற்கனவே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய், வார்த்தைக்கு வார்த்தை.

சரி என்று சொல்ல எனக்கு ஆசை வரவில்லை என்று நினைக்கிறாயா? நாக்கு நுனியில் நின்றது. ஒரு முழு எழுத்துக்கூட வேண்டாம், "ம்" என்றால் போதும். ஆனால் அது செத்துப்போன அண்ணனின் தொண்டையை வாங்கி என் காரியத்தைச் சாதித்துக்கொள்வது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா தொண்டையை எடுத்தேன் என்றுதானே துப்பினார்கள். ரெண்டாவது தடவை திருடக் கூடாது என்று நினைத்தேன். இந்த ஒரு விஷயத்திலாவது யோக்கியனாக இருக்கலாம் என்று நினைத்தேன். கருமம், அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாளைப் பார்.

"அவன் ஒரு கூத்தாடிங்மா, விடுங்க" என்றேன். "வந்தா மறுபடியும் ஏதாச்சும் கூத்துப் பண்ணி உங்க உசுர எடுப்பான். வேண்டாம்."

பிறகு, "சரி சாமி, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்கள்.

வைத்துவிடுவார்கள் என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"இத்தன வேலையிலயும் நீ ஒருத்தந்தான் தெனமும் கூப்பிட்டுப் பேசற. அவனும் இதே வயித்துல பொறந்தவந்தானே கண்ணு. இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் என்னைக் கூப்பிட்டானா?"

"இல்லீங்மா" என்றேன்.

சேனாபதி